வாக்கிங் குரூப் முழுக்க ஒரே பேச்சு. எதிர்த்துக் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

காட்பாடிக்காரி கேட்டது:

வேலூர்ப் பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

காலையில் கோட்டையைச் சுற்றி நடக்கிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் மழை பெய்தால் "இன்று லீவு", யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் பத்திரிகை, அப்புறம் சர்க்கரைக்கு ஏதாவது கஷாயம், அவ்வளவுதான் வரும். கடந்த தேர்தலுக்குப் பிறகு முழுக்க அரசியல். அதுவும் ஒரே பக்கத்து அரசியல். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பதில் எல்லாம் அந்தக் கட்சியைப் பற்றியே வரும்.

அட்மின் ஓய்வுபெற்ற தாசில்தார். நல்ல மனிதர். அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு நாங்கள் அலைந்தபோது எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று பொறுமையாக வழி சொன்னவர். எல்லோருக்கும் அவர் "சார்". யாராவது ஒரு செய்தி போட்டால், சாரின் கட்டைவிரல் விழும்வரை குரூப்பே மூச்சுவிடாது. விழுந்த மறுநிமிடம் கைதட்டல், கும்பிடு, ரோஜாப்பூ எல்லாம் வரிசை கட்டி வரும்.

போன வாரம் ஒரு படம் வந்தது. பளபளவென்று ஒரு மேம்பாலம். கீழே "நம்ம மாவட்டம், நம்ம ஆட்சி" என்று எழுத்து. படத்தின் ஓரத்தில் பாதி தெரிகிற ஒரு பெயர்ப்பலகை, தெலுங்கில். சித்தூர் பஸ்ஸில் ஏறி இறங்குகிற ஊர்க்காரர்களுக்கு அந்த எழுத்து எது என்று தெரியாமலா இருக்கும்? "போர்டு தெலுங்குல இருக்கே, இது எந்த ஊர்ப் பாலம்?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் ஒருவர், "மேடம் எந்தக் கட்சி?" இன்னொருவர், "படம் மாறியிருக்கலாம், விஷயம் உண்மை." கடைசியில் சார் ஒரு முருகன் படம் போட்டார். பேச்சு முடிந்தது.

இதுவரைக்கும் எனக்கு ஆச்சரியம் இல்லை. அன்று ராத்திரி அதே குரூப்பில் இருக்கிற சிலர் தனித்தனியாக எனக்கு மெசேஜ் போட்டார்கள். "கரெக்டா கேட்டீங்க சிஸ்டர்." "எனக்கும் பார்த்ததும் தோணிச்சு, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்." அதில் ஒருவர் அந்தப் படத்துக்குக் கைதட்டல் போட்டவர்! இதுதான் எனக்குப் புரியவில்லை.

வெளியேறிவிட்டால் "அந்தக் கட்சிக்காரி, அதான் போயிட்டா" என்பார்கள். விடிந்தால் அகழி ஓரம் அதே முகங்களைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். பேசினால் ஏதாவது பயன் உண்டா? மியூட் போடுங்கள் என்ற பதில் வேண்டாம், ஏற்கெனவே போட்டாகிவிட்டது.


ஆம்பூர்_பைபாஸ்:

மேடம், எல்லா குரூப்பும் இந்த லட்சணம்தான். எதிர்த்துக் கேட்டால் இந்தப் பக்கம் "200 ரூபாய்" என்பார்கள், அந்தப் பக்கம் "சங்கி" என்பார்கள். நான் இரண்டு பட்டத்தையும் ஒரே கேள்விக்கு வாங்கியவன். கேள்வி பெட்ரோல் விலையைப் பற்றி.

எங்கள் தெரு டீக்கடையில் "இங்கு அரசியல் பேசாதீர்" என்று எழுதி மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்துதான் எல்லோரும் அரசியல் பேசுவோம். உங்கள் குரூப்பிலும் அப்படி ஒன்று மாட்டச் சொல்லுங்கள். ஒன்றும் நிற்காது, இருந்தாலும் கடைக்கு ஒரு கௌரவம்.


அச்சாபீஸ்:

தங்கச்சி, லாங்கு பஜார் பக்கம் ஒரு சந்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் டிரெடில் மெஷினும் ஈய எழுத்தும். இப்போது ஆஃப்செட், ஃபிளெக்ஸ். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் ரசீது, அப்புறம் எல்லாக் கட்சி நோட்டீஸும். எல்லாக் கட்சி என்றால் நிஜமாகவே எல்லாக் கட்சியும். எனக்குக் கட்சியே கிடையாது என்று கதை விட மாட்டேன், நானும் ஓட்டுப் போடுகிறவன்தான். ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் காதில் நாலு பக்கத்துப் பேச்சும் விழும்.

உங்களுக்கு ராத்திரி மெசேஜ் போட்டார்களே, அந்த ரகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பிறந்தநாள் வாழ்த்துப் போஸ்டர் பார்த்திருப்பீர்கள். நடுவில் தலைவர், பக்கத்தில் மாவட்டம், கீழே "வாழ்த்தி வணங்கும்" என்று போட்டு வட்டம், ஒன்றியம், கிளை எல்லாம் ஸ்டாம்பு சைஸில். ஆர்டர் கொடுக்க ஒருவர்தான் வருவார். புரூஃப் போய்த் திரும்புவதற்குள் கடை போன் ஓயாது. "அண்ணே, என் பேரு இருக்குதா பாருண்ணே." "என் போட்டோ ரெண்டாவது வரிசைல கீது, மேல ஏத்துண்ணே." அந்தத் தலைவரை முந்தாநாள் இதே கடையில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டியவரும் போன் பண்ணுவார். ஒருமுறை அப்படிப்பட்ட ஒருவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "அவரை அந்தத் திட்டு திட்டினியே, இன்னாத்துக்குப்பா உன் பேரு?" அவர் சொன்ன பதில்: "போட்டா ஒருத்தனும் பாக்க மாட்டாண்ணே. போடலைன்னா எல்லாரும் பாப்பான்."

உங்கள் குரூப்பில் விழுகிற கைதட்டலில் பாதி இந்தக் கணக்குத்தான். பிடித்துப் போய் யாரும் தட்டவில்லை, தட்டாதவன் தனியாகத் தெரிவானே என்று தட்டுகிறார்கள். போஸ்டரில் நாற்பது முகத்தைப் பார்க்கிறவன், அடேயப்பா நாற்பது பேர் நிற்கிறார்கள் என்று நினைக்கிறான். நினைத்த கையோடு தன் போட்டோவையும் எனக்கு அனுப்புகிறான். அடுத்த போஸ்டரில் நாற்பத்தொன்று. இதில் எத்தனை பேர் மனசார வாழ்த்தினார்கள் என்று அந்தத் தலைவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பில்லை யார் கட்டுவார் என்பது மட்டும்தான் என் கவலை, அதுவே பெரிய கவலை.

2019 நாடாளுமன்றத் தேர்தல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 18-ல் ஓட்டு. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டது என்று வேலூருக்கு மட்டும் 16-ம் தேதி தேர்தலை ரத்து செய்துவிட்டார்கள். 18-ம் தேதி என்று அடித்த நோட்டீஸ் கட்டுகள் கடையில் தேங்கிவிட்டன. பின்பக்கம் வெள்ளை என்பதால் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட ஆயிற்று. மறுபடி ஆகஸ்ட் 5-ல் ஓட்டு. மற்ற ஊரில் எல்லாம் தேர்தல் முடிந்துவிட்டதால் இரண்டு பக்கத்துப் படையும் இங்கே வந்து இறங்கியது.

அப்போது என் கடைப் பெஞ்சில் ஒரு வேடிக்கை நடக்கும். ஒருவர் மட்டும் தனியாகப் புரூஃபுக்குக் காத்திருந்தால், திமுக-காரரானாலும் அதிமுக-காரரானாலும், "டைட்டுதாண்ணே, ஒண்ணும் சொல்ல முடியல" என்பார். அவர் கட்சி ஆள் இன்னொருவர் உள்ளே நுழைந்தால் போதும், அதே வாய் "ஒரு லட்சம் லீடிங்" என்று சொல்லும். வந்தவர் சும்மா இருப்பாரா? "இன்னா ஒரு லட்சம், ஒண்ணரை!" மூன்றாவது ஆள் வந்தால் இரண்டு லட்சம். டீ வருவதற்குள் எதிர்க்கட்சிக்கு டெபாசிட்டே போய்விடும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. தன் ஆட்கள் முன்னால் குறைத்துச் சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9-ல் எண்ணினார்கள். திமுக-வின் கதிர் ஆனந்த், அதிமுக கூட்டணியின் ஏ.சி.சண்முகம் இரண்டு பேருமே நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தார்கள். ஜெயித்தவர் கதிர் ஆனந்த், வித்தியாசம் 8,141. குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டில் சண்முகம் முன்னால். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியில் கதிர் ஆனந்த் முன்னால். குடியாத்தத்திலிருந்து வந்து ஜெயித்துவிட்டோம் என்று என்னிடம் அடித்துச் சொன்னவர் தன் ஊரில் பார்த்ததைத்தான் சொன்னார், பார்த்ததும் நிஜம். அவர் குரூப்பில் வாணியம்பாடிக்காரர் ஒருவர்கூட இல்லை.

சரி, உங்கள் பாலத்துக்கு வருகிறேன். தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதை அடித்தாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ. வெளியிடுபவர், தன்னை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அடித்த பிறகு அந்தத் தாளோடு ஒரு பிரதி கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். மீறினால் 6 மாதம்வரை சிறை, 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு தம்பி எதிர் வேட்பாளரைப் பற்றிக் கன்னாபின்னாவென்று எழுதிக்கொண்டு வந்தான். எங்கே கேட்டாய் என்றால் "எல்லா குரூப்புலயும் வந்துச்சு, ஊருக்கே தெரியும்" என்றான். நான் மறுக்கவில்லை. கடைசி வரியைக் காட்டி, "வெளியிடுபவர்னு உன் பேரைப் போட்டுடட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். பேனாவை வாங்கி அவனே அடித்தான். அடித்து முடித்தபோது வேட்பாளர் பெயரும் சின்னமும் மட்டும் மிச்சம்.

வாட்ஸ்அப்பில் வருகிற தாளுக்கு அந்தக் கடைசி வரி கிடையாது. அதனால் அந்த வரியை நீங்கள் கேளுங்கள். சண்டையாக வேண்டாம். "சார், இதை என் தம்பிக்கு அனுப்பலாம்னு இருக்கேன், எந்த ஊர்ப் பாலம்னு கேப்பான், நீங்க சொன்னீங்கன்னு சொல்லட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். தாசில்தாராக இருந்தவருக்குத் தன் பெயர் எதற்குக் கீழே விழுகிறது என்கிற ஜாக்கிரதை இல்லாமல் போகாது.


ஓய்வில்லா_வாத்தியார்:

கல்லூரியில் உளவியல் எடுத்தவன், இப்போது ஓய்வு. அச்சாபீஸ்காரர் பெஞ்சில் பார்த்ததை ஆராய்ச்சிக்காரர்கள் அறை போட்டு, ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

சாலமன் ஆஷ் 1951-ல் வெளியிட்ட சோதனை. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்பார்கள். குழந்தைக்கும் தெரிகிற பதில். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் சொல்லிவைத்துத் தப்பாகச் சொல்வார்கள். மாட்டிக்கொண்ட அந்த ஒருவரின் பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு போயின. உங்களுக்கு உதவுகிற பகுதி இதற்கு அடுத்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னபோது, கூட்டத்தோடு போவது கால்வாசியாகக் குறைந்துவிட்டது. வேறொரு தப்பான பதிலைச் சொல்லி ஒருவர் பிரிந்தபோதும் குறைந்தது. ஆக, நீங்கள் கேட்டது வீண் போகவில்லை. ராத்திரி வந்த மெசேஜெல்லாம் அதன் விளைவுதான்.

ஆனால் அச்சாபீஸ்காரர் சொல்வது பாதிதான். கைதட்டுகிறவர்கள் எல்லோரும் உள்ளுக்குள் வேறு நினைக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு பேசாதீர்கள், ஏமாந்து போவீர்கள். 2005-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒன்று செய்தார்கள். போல்டர் என்பது ஒரு பக்கத்து அரசியல் ஊர், கொலராடோ ஸ்பிரிங்ஸ் எதிர்ப் பக்கத்து ஊர். அந்தந்த ஊர்க்காரர்களை அவர்களுக்குள்ளேயே சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்துப் பருவநிலை மாற்றம் போன்ற விஷயங்களைப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்தபோது இரண்டு ஊர்க்காரர்களும் முன்பைவிடத் தீவிரமாகிவிட்டிருந்தார்கள். தனியாக, பெயர் இல்லாமல் எழுதித் தந்த பதிலிலும் அந்த மாற்றம் தெரிந்தது. "ஒரு லட்சம், ஒன்றரை" என்று ஏலம் விடுகிறவர் வீட்டுக்குப் போகும்போது அதை நிஜமாகவே நம்பிக்கொண்டுதான் போகிறார்.

எதிர்ப் பக்கத்துச் செய்தியைக் காட்டினால் தெளிந்துவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2018-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ட்விட்டர் பயன்படுத்துகிறவர்களுக்குக் காசு கொடுத்து ஒரு மாதம் எதிர்த்தரப்புப் பதிவுகளைப் பார்க்க வைத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் இன்னும் இறுகிப்போனார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. தெரியாதவன் எழுதியது திட்டு மாதிரித்தான் படும். கூட நடக்கிறவர் கேட்டால் கதை வேறு.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2018 மே மாதம், போளூர் பக்கம். குலதெய்வம் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம். அதில் இருந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் ஊருக்குள் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அதற்கு முன்பே பரவியிருந்தது. அந்த மூதாட்டியை அடித்தே கொன்றுவிட்டார்கள். அவ்வளவு பேர் கூடிய இடத்தில் "கொஞ்சம் இருங்க, விசாரிக்கலாம்" என்று ஒருவர் சொன்னாலும் மற்றவர் காதில் ஏறாத நிலைமை. நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான் அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது.

இன்னொன்று, உங்கள் சாரின் கட்டைவிரல். 1961 ஏப்ரலில் கியூபா மீது படையெடுக்கும் திட்டத்துக்குக் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுற்றியிருந்த படித்த மேதாவிகள் பெரும்பாலோர் தலையாட்டினார்கள். உள்ளுக்குள் ஒப்பாத அவருடைய ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை, பிறகு அதற்காக வருத்தப்பட்டு எழுதினார். திட்டம் மூன்றே நாளில் மண்ணைக் கவ்வியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஏவுகணை நெருக்கடி வந்தபோது, சில கூட்டங்களுக்குக் கென்னடி வேண்டுமென்றே போகவில்லை. பெரியவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அப்போதாவது விடும் என்றுதான்.


வாணியம்பாடி_மருமகள்:

உங்களுக்குத் தனியாக மெசேஜ் போடுகிற ரகம் நான்தான், உங்கள் குரூப்பில் இல்லாவிட்டாலும். எங்களையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள்.

நான் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மாமனார் வீட்டு நிலம் பாலாற்று ஓரம், கிணற்றுத் தண்ணீர் உப்பாகி வருஷக்கணக்காகிறது. கம்பெனி குரூப்பில், தண்ணீர் என்று யார் பேசினாலும் தொழிலைக் கெடுக்க வந்தவர்கள். சொந்தக்காரர்கள் குரூப்பில், தோல் என்றாலே விஷம். 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது, சுத்திகரிக்காமல் நடத்தக் கூடாது என்றது. அதே தீர்ப்பு இந்தத் தொழில் தரும் வேலையையும் ஏற்றுமதியையும் சொல்கிறது. ஒரு குரூப்பில் தீர்ப்பின் தலை மட்டும் வரும், இன்னொன்றில் வால் மட்டும் வரும். முழுசாக இரண்டையும் பார்க்கிறவள் நான். ஆனால் சம்பளம் ஒரு பக்கம், சமையல் ஒரு பக்கம். எங்கே வாயைத் திறக்கச் சொல்கிறீர்கள்?


காட்பாடிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. வாணியம்பாடி அக்கா, உங்களைக் குறை சொல்லவில்லை. கைதட்டல் போட்டவர் மேல்தான் கொஞ்சம் கோபம் இருந்தது, அச்சாபீஸ் அண்ணன் சொன்ன போஸ்டர் கதையைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

வாத்தியார் ஐயா, சார் அடுத்த மாதம் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போகிறார். ஆனால் போனும் கூடவே போகுமே!

அண்ணே, ஒன்று கேட்க வேண்டும். தனியாக மெசேஜ் போட்டவர்களை, "இதையே குரூப்பில் சொல்லுங்களேன்" என்று கேட்கலாமா? அவர்கள் அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.


அச்சாபீஸ்:

ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம்மா. அதோடு ஒருவரும் உங்களிடம் தனியாகக்கூட உண்மை பேச மாட்டார்கள். கடையில் ஒரு கட்சிக்காரர் என்னிடம் சொன்னதை இன்னொரு கட்சிக்காரர் காதில் போட்டிருந்தால் நான் எப்போதோ ஷட்டரை இறக்கியிருப்பேன்.

எல்லோரையும் கேட்காதீர்கள். கைதட்டல் போட்டவரை விடுங்கள், "எனக்கும் தோணிச்சு" என்று எழுதினவரைப் பிடியுங்கள். குரூப்பில் வேண்டாம், நடக்கும்போது கேளுங்கள். நீளமாக எழுதச் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை நீங்கள் "எந்த ஊர்?" என்று கேட்டால், அவர் பின்னாலேயே "ஆமா, எந்த ஊர்?" என்று இரண்டு வார்த்தை போட்டால் போதும். வாத்தியார் சொன்ன அந்த இன்னொரு ஆள் அவர்தான். எந்தக் கட்சி என்று கேட்டால், "பாலம் எந்த ஊர்னு சொல்லிட்டீங்கன்னா நான் எந்தக் கட்சின்னு சொல்லிடறேன்" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

அப்புறம், எதிர்க்கட்சி அனுப்பும் டுபாக்கூர் படம் ஏதாவது உங்கள் கையில் கிடைத்தால் அதையும் குரூப்பில் போட்டு, அதே கேள்வியைக் கேளுங்கள். முதலில் அதைச் செய்தால் இன்னும் நல்லது. கட்சி கட்டும் வாய் கொஞ்சம் அடங்கும்.

வாணியம்பாடித் தங்கச்சி, நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். அந்தத் தீர்ப்பை முழுசாக இரண்டு குரூப்பிலும் போட்டுவிட்டு, ஒன்றும் எழுதாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விடுங்கள்.

இங்கே ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், பதில் போடக் கொஞ்சம் தாமதமாகும்.